வைக்கோல் தெருவுக்கு ஒரு நடை போய் வா

காரைக்கால்
ஞாயிறு மாலை

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வலது கண்ணில் புரை எடுத்திருந்ததால் டாக்டர் படிக்கவும் விடவில்லை, எழுதவும் விடவில்லை. பேத்திதான் உன் கையெழுத்தில் தடுக்கித் தடுக்கி வாசித்துக் காட்டினாள். "சிஜேர் ஒரு கோழை" என்ற இடம் வந்ததும், "யார் தாத்தா அது, உங்க கூடப் படிச்சவரா?" என்றாள். செத்து எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு என்றேன். "செத்தவரையா இந்தத் தாத்தா இப்படித் திட்டுறார்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் வீட்டுக் கொல்லை முருங்கை போன புயலில் சாய்ந்ததைத் தம்பி சொல்லியிருப்பான். வேறு விசேஷம் இல்லை. அதனால் நேராகச் சண்டைக்கு வருகிறேன்.

பிரபாண்ட் சீமையிலிருந்து பாரிசுக்கு வந்த அந்தத் தத்துவ ஆசிரியர் சிஜேரை நீ விலாங்கு என்கிறாய்: பாம்புக்குத் தலை, மீனுக்கு வால். உலகத்துக்குத் தொடக்கம் இல்லை, மனிதர் எல்லோருக்கும் அறிவு ஒன்றே என்றெல்லாம் அரிஸ்டாட்டிலை வைத்து வாதிடுவார். கடைசியில் "விசுவாசம் சொல்வதே உண்மை" என்று ஒரு வரி எழுதி நழுவிவிடுவார் என்பது உன் கட்சி. அன்றைய பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியேயின் கட்சியும் அதுதான். 1277 மார்ச் 7 அன்று 219 கருத்துகளைத் தடை செய்தாரே, அதன் முன்னுரையில் அவர் வைத்த குற்றச்சாட்டு என்ன? ஒன்றுக்கொன்று முரணான இரண்டு உண்மைகள் இருப்பதுபோல் இவர்கள் பேசுகிறார்கள் என்பதுதான். குருமடத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் கடைசியில் ஆயர் பக்கம் போய் நிற்கிறாய், பார்!

இரண்டு உண்மை உண்டு என்று சிஜேர் எங்கும் எழுதவில்லை. அவர் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் கலைப் பிரிவு வாத்தியார். 1210இல் பாரிசில் தடை செய்யப்பட்ட அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவ நூல்கள் 1255இல் அதே கலைப் பிரிவில் கட்டாயப் பாடமாகிவிட்டன. பாடமாக வைத்தபின் அந்தப் பெரியவர் என்ன நினைத்தார் என்று பையன்களுக்குச் சொல்லத்தானே வேண்டும்? நானும் முப்பத்தொரு வருஷம் சரித்திரம் நடத்தியவன். "புத்தகத்தில் இப்படிப் போட்டிருக்கு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எனக்கு வாத்தியார் பாசம் இருக்கிறது என்றால் ஒப்புக்கொள்கிறேன். அவருடைய ஒரு சுவடியில், நடக்கவே முடியாதவற்றை ஒரு குதர்க்கவாதி நிறுவ வருகிறான். கடவுள் இல்லை என்கிறான், கிரேக்கப் பழங்கதையில் வரும் துரோயா யுத்தம் இந்த நொடியிலும் நடக்கிறது என்கிறான். ஒவ்வொன்றாக நிறுவவிட்டு ஒவ்வொன்றாக உடைக்கிறார். அந்த வகுப்பில் அந்தக் காலத்துப் பையன்கள் மாதிரி வைக்கோலில் உட்கார்ந்து கேட்க எனக்கு ஆசை.

'எல்லோருக்கும் ஓர் அறிவு' விஷயத்தில் மட்டும் நான் சிஜேரை எதிர்த்த இறையியலாளர் தோமா அக்குவினா பக்கம். அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய முஸ்லிம் தத்துவஞானி இப்னு ருஷ்துவின் உரையைப் பிடித்துக்கொண்டு போனால் வாதம் கெட்டியாகத்தான் தெரிகிறது. ஒரே இனத்தில் பல தனி உருப்படிகள் உண்டாவது சடப்பொருளால். அறிவோ சடம் இல்லை. எனவே அது பலவாக முடியாது. சரி, அப்படியானால் காட்டிக்கொடுத்த யூதாசுக்கும் சீடர் தலைவர் இராயப்பருக்கும் தனித்தனியாகத் தீர்ப்பு எப்படி? ஆனால் தோமா அந்தப் பயத்தை வைத்து மடக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. 1270இல் எழுதிய சிறு நூலில் அவர் கேட்பது எளிய கேள்வி: இதோ, இந்த மனிதன் யோசிக்கிறானே, அது எப்படி? என் மனப்படங்களை வைத்து வேறேதோ ஓர் அறிவு யோசிக்கிறது என்றால் நான் சுவர் மாதிரி. சுவரின் நிறத்தைக் கண் பார்க்கிறது, சுவர் எதையும் பார்ப்பதில்லை. நூலை முடிக்கும்போது சாமிநாதர் சபைத் துறவியான தோமாவுக்குக் கோபமும் வருகிறது: சொல்ல எதுவும் இருந்தால் மூலையில், விவரம் தெரியாத பையன்களிடம் சொல்லாதே, எழுது என்கிறார்.

சிஜேர் எழுதினார், சேவியர். ஆன்மாவைப் பற்றிய ஒரு நூலில் தோமாவின் ஆசிரியர் அல்பர்ட்டையும் தோமாவையும் தத்துவத்தில் தலைசிறந்தவர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் மறுக்கவே தொடங்குகிறார். அறிவு ஒன்றா பலவா என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறார். இயற்கை அறிவின்படி எதைக் கொள்வது, அரிஸ்டாட்டில் என்ன நினைத்தார் என்பது தனக்கு நெடுங்காலமாகவே ஐயம் என்கிறார். இப்படிப்பட்ட ஐயத்தில் மனித அறிவை எல்லாம் மிஞ்சிய விசுவாசத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்கிறார்.

இதைத்தான் நீ நழுவல் என்கிறாய். நழுவுகிறவன் 'நெடுங்காலமாக' என்று ஏன் எழுத வேண்டும்? விசுவாச வரியை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாமே. குருமடத்தை விட்டு வந்த ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "கடவுள் இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டியாடா?" என்று அப்பா கேட்டார். "தெரியலப்பா, ரொம்ப நாளாவே தெரியல" என்றாய். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் பூசைக்கும் போய்விட்டு வந்தாய். நாங்கள் யாரும் உன்னைக் கோழை என்று சொல்லவில்லை.

அவருக்குத்தான் நல்ல முடிவு வாய்க்கவில்லை. 1276 நவம்பரில் சமய விசாரணையாளர் சிமோன் து வால் ஆஜராகச் சொன்னபோது அவர் பிரான்சிலேயே இல்லை போலிருக்கிறது. கடைசியில் இத்தாலியில், ஓர்வியேத்தோவில், போப்பாண்டவர் சபை இருந்த ஊரில், புத்தி பேதலித்த அவருடைய எழுத்தரே குத்திக் கொன்றுவிட்டார். 1284 நவம்பருக்குள் செத்துவிட்டார். அப்போது போப்பாண்டவர் யார் தெரியுமா? 1266இல் கலைப் பிரிவுச் சண்டையை அடக்கப் பாரிசுக்குப் போப்பின் தூதராக வந்திருந்த அதே சிமோன் தெ பிரியோன்.

இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில், சொர்க்கத்தின் சூரிய மண்டலத்தில் பன்னிரண்டு ஞானிகளை வட்டமாக நிறுத்துகிறார். தோமாதான் ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறார். கடைசி ஆள், தோமாவுக்குப் பக்கத்திலேயே நிற்பவர், சிஜேர். வைக்கோல் தெருவில் பாடம் சொல்லி, பகையைத் தேடித்தந்த உண்மைகளை நிறுவியவர் என்கிறார் தோமா. எதிராளியின் வாயாலேயே சொல்லவைத்த தாந்தேயின் குறும்பை என்னவென்பது!

அந்தத் தெரு உன் ஊரில் இன்னும் இருக்கிறது. ஃபுவார் தெரு, ஐந்தாம் வட்டாரம். அதை ஒட்டிய தெருவுக்கு தாந்தே பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆற்றைத் தாண்டினால் நோத்ர்தாம் பேராலயம், அதாவது தாம்பியேயின் இடம். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டுதான் சண்டை போட்டிருக்கிறார்கள். முப்பது வருஷமாக பாரிசில் இருக்கிறாய், ஒருநாள் போய்ப் பார்த்து எழுது. போட்டோ வேண்டாம், என் கண்ணுக்கு இப்போது உன் எழுத்தே போதும். கொஞ்சம் பெரிதாக எழுது.

வடகம் காய்ந்துகொண்டிருக்கிறது. தை மாதம் உன் தம்பி மகன் கிளம்பும்போது கொடுத்து அனுப்புகிறேன்.

உன்
சுந்தரம்