அணை நீர்மட்டத்தோடு அலையின் கணக்கையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்தை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க உங்கள் வார இறுதி இணைப்பு ஒரு திட்டம் தந்திருந்தது. காலையில் காளிகேசம் காட்டாறு, போகிற வழியில் திற்பரப்பு அருவி, மாலையில் கடற்கரை. சாப்பாட்டுக் கடை, பேருந்து, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் விவரமாக இருந்தன. தண்ணீரைப் பற்றி மட்டும் ‘ஆனந்தக் குளியல்’ என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. இந்த மூன்று இடத்துத் தண்ணீருக்கும் குணம் வேறு வேறு. ஒன்றில் குளித்துப் பழகிய தைரியம் இன்னொன்றில் உதவாது.

முதலில் வழி. காளிகேசமும் திற்பரப்பும் ஒரே பாதையில் இல்லை. நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை என்று ரப்பர் தோட்டங்களுக்குள் ஏறுவது ஒரு பாதை. குலசேகரம் போய்த் திற்பரப்பைப் பிடிப்பது வேறு பாதை. இரண்டையும் ஒரே காலையில் திணித்தால் இரண்டாவது இடத்தில் இறங்கும்போது உச்சி சாய்ந்திருக்கும். கோடை மழையும் ஐப்பசி மழையும் மலையில் பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியோடு இறங்கும் என்பதால், காட்டாற்றில் இறங்கக் கூடாத நேரமே அதுதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, காலையிலேயே குளித்து, பன்னிரண்டு மணிக்குள் கரையேறிவிடுவது நல்லது.

காளிகேசத்துக்கு மேலே அணை கிடையாது. மலையில் விழுந்த மழை அப்படியே கீழே வரும். குளிக்கிற இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, மேலே முகட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். வெள்ளம் வருமுன் ஆறு பெரும்பாலும் சொல்லிவிடும்: தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்குக் கலங்கும், சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும், மேலே கல் உருளும் ஓசை கேட்கும். இறங்குமுன் நீர்விளிம்பில் ஒரு கல்லை அடையாளமாக வையுங்கள். தண்ணீர் அதற்கு மேல் நான்கு விரல்கடை ஏறினால், துணியையும் செருப்பையும் தேடி நிற்காமல் வெளியேற வேண்டும். சாப்பாட்டுப் பையை அக்கரைப் பாறைக்குக் கொண்டுபோவதுதான் பலரும் செய்யும் தவறு. திரும்பும் வழி ஆற்றைத் தாண்டி இருந்தால், ஐந்து நிமிட வெள்ளம் போதும் மாட்டிக்கொள்ள.

ஆற்றில் ஆழமாகத் தண்ணீர் தேங்கும் இடத்தைக் கசம் என்போம். கசத்தின் அடி தெளிவாகத் தெரிவதுதான் ஆபத்து. தெளிந்த நீரை மேலே நின்று பார்த்தால் உண்மை ஆழத்தில் முக்கால் பங்குதான் கண்ணுக்குத் தெரியும். ஆறடி என்று தோன்றுவது எட்டடி. கழுத்தளவு இருக்கும் என்று நம்பி இறங்குகிறவர் முழுகிப் போவது இதனால்தான். பாறையிலிருந்து தலைகீழாகப் பாய்வது அதைவிட மோசம். போன வருடம் ஆழமாகக் கிடந்த கசத்தை மழைக்காலத்து வெள்ளம் உருட்டி வந்த பாறையும் மணலும் மேடாக்கியிருக்கும். நீளக் கம்பு விட்டுப் பார்த்து, கால் முதலில் இறங்கட்டும். ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும், கழன்று போகும். குதிகாலில் வார் உள்ளதைப் போடுங்கள். பாசியிலும் பச்சையாக இருப்பதைக் கண்டு ஒதுங்குகிறோம்; ஈரப் பாறையில் கறுப்பாக மினுங்குவதை மிதித்துத்தான் விழுகிறோம்.

திற்பரப்பில் விழுவது கோதையாறு. மேலே பேச்சிப்பாறை அணை இருப்பதால், அருவிக்கரையில் ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் தண்ணீர் பெருகலாம். அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. நாற்பதைத் தாண்டி மட்டம் ஏறிக்கொண்டிருக்கும்போது மலையிலும் மழை என்றால், எந்த நேரமும் உபரிநீர் திறக்கலாம். குளிக்கத் தடையும் வரும். இந்த எண்ணை உங்கள் நாளிதழ் நாள்தோறும் போடுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் புறப்படுகிறவர்களுக்குப் பாதிக் கவலை இல்லை.

மீதிக் கவலை கடல். அதற்குத்தான் எந்த எண்ணும் அச்சில் வருவதில்லை.

சொத்தவிளை, சங்குத்துறை, கணபதிபுரம், முட்டம் என்று எங்கே நின்றாலும் முன்னால் இருப்பது அண்டார்டிகா வரை தடையில்லாத திறந்த கடல். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும். இதுதான் கள்ளக்கடல். பெயர் மீனவர் வைத்தது. அறிவியலாளரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை ஐந்து முதல் எட்டு விநாடிக்கு ஒன்றாக வரும். கள்ளக்கடல் அலைக்கு இடைவெளி பதினைந்து, இருபது விநாடி. உயரம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கலாம். நீண்ட அலை சுமந்து வரும் தண்ணீர் பல மடங்கு. அது முழங்கால் ஆழத்தில் நிற்பவரையும் வாரி இழுக்கும்.

ஏமாற்றுவது அதன் கூட்டம் கூட்டமான வரவு. நாலைந்து பெரிய அலை சேர்ந்து வந்தபின் சில நிமிடம் கடல் குளம்போலக் கிடக்கும். அந்த இடைவெளியில் வந்து சேர்கிறவர் ‘இன்றைக்குக் கடல் சாது’ என்று பாறை நுனிக்குப் போய்ப் படம் எடுக்க நிற்பார். இருபது நிமிடம் கரையில் உட்கார்ந்து பார்த்த பிறகே கால் நனைக்க வேண்டும். பாறையோ மணலோ, ஈரமாக இருக்கும் இடம்வரை அலை வந்து போயிருக்கிறது என்று பொருள். அதற்கு இப்பால் நில்லுங்கள்.

2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம் அதற்கு முந்தைய நாட்களிலேயே வெளியிட்டிருந்தது. மீனவக் குடியிருப்புகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வழி இருக்கிறது. வெளியூரிலிருந்து வண்டி பிடித்து வருகிறவர் காதில் விழ வழி இல்லை.

கள்ளக்கடல் இல்லாத நாளிலும் உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. அலை உடைந்து நுரைக்கும் வரிசைக்கு நடுவே ஓரிடம் மட்டும் நுரையில்லாமல், கரும்பச்சையாக, அமைதியாகத் தெரியும். குழந்தைகளோடு வருகிறவர்கள் அந்த அமைதியைப் பார்த்துத்தான் அங்கே இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகும் வாசல் அது. கடலுக்குள் நீட்டிய கல்தடுப்புகளான தூண்டில் வளைவுகளை ஒட்டியும், ஆற்று முகத்தை அடைத்த மணல்மேடான பொழி மழைக்காலத்தில் உடைந்திருக்கும் இடத்திலும் இந்த இழுப்பு மிகுதி. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. நல்ல நீச்சல்காரரும் சில நிமிடங்களில் களைத்துவிடுவார். இழுப்பு பெரும்பாலும் அகலம் குறைந்தது. கரைக்கு இணையாக முப்பது, நாற்பது மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் அலை உடையும் இடம் வரும், அந்த அலையே கரைக்குத் தள்ளும். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும்.

ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் என்று குதிப்பதில்தான் ஒரு சாவு மூன்றாகிறது. வண்டியில் பதினைந்து மீட்டர் நைலான் கயிறும், மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலிக் கேன் ஒன்றும் இருக்கட்டும். காற்றடைத்த அந்தக் கேன் ஒருவரின் தலையை நீருக்கு மேல் நிறுத்தப் போதும். கயிற்றில் கட்டி வீசுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, ஆம்புலன்ஸ் 108. கரையேற்றியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வேண்டாம். வயிற்றிலிருப்பது மேலேறி மூச்சுக்குழலை அடைக்கும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு மார்பின் நடுவே 30 அழுத்தத்துக்கு 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் தொடருங்கள்.

பல கடற்கரைகளில் ‘குளிக்கத் தடை’ என்ற பலகை இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஒரே வாசகத்தைச் சொல்லும் பலகையை யாரும் படிப்பதில்லை. நாளுக்கு நாள் மாறுகிற எண்ணைத்தான் மக்கள் பார்ப்பார்கள். அணை மட்டத்தைப் பார்க்கிறார்களே. அலை உயரத்தையும் இடைவெளியையும் அந்த ஹைதராபாத் மையம் நாள்தோறும் இணையத்தில் வெளியிடுகிறது, செலவில்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு என்று எண்கள் வரும் அந்தச் சிறிய கட்டத்துக்குள் ‘கடல்: அலை 1.6 மீட்டர், இடைவெளி 17 விநாடி, கால் நனைக்க வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்க்க இடம் இருக்கும். குறைந்தது சனி, ஞாயிறு இதழ்களிலாவது தொடங்குங்கள்.

இப்படிக்கு,
நாகர்கோவில் வாசகர்கள் சிலர்