வாடையைத் தென்றல் என்று சொல்லும் கருவி

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மீயொலிக் காற்று சென்சார் தவறான வேகமும் திசையும் தருவது, மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகும் தீர்வு இல்லாதது.

ஐயா / அம்மா,

காதுக்குக் கேட்காத ஒலியால் காற்றை அளக்கும் உங்கள் நிறுவனத்தின் மீயொலிக் காற்று சென்சாரை வாங்கி நான்கு மாதம் ஆகிறது. என் பசுமைக்குடிலின் மேல்சாளரங்களைத் திறந்து மூடும் கன்ட்ரோலரோடு அதை இணைத்திருக்கிறேன். காற்று 8 மீ/விநாடியைத் தாண்டினால் எல்லாச் சாளரங்களும் மூடி, அரை மணி நேரம் மூடியே இருக்கும். அதற்குக் கீழே இருந்தால் காற்று வரும் பக்கம் மூடியும் எதிர்ப்பக்கம் திறந்தும் இருக்கும். ஆக, வேகம், திசை இரண்டையும் நம்பித்தான் குடில் நிற்கிறது. இரண்டிலும் உங்கள் கருவி என்னை ஏமாற்றியிருக்கிறது.

முதலில் வேகம். காற்றே இல்லாத விடியற்காலையில், இலைகூட அசையாத நேரத்தில், கருவி திடீரென்று 9.8 மீ/விநாடி என்கிறது. சாளரங்கள் மூடிக்கொள்கின்றன. வெயில் ஏறுகிறது, உள்ளே சூடு ஏறுகிறது, நாற்றுகள் தலை தொங்குகின்றன. கருவி ஈரமாக இருக்கும்வரை அரை மணிக்கொருமுறை இதே கதை. அதே கம்பத்தில், அரை மீட்டர் தள்ளி, காற்றில் கிண்ணங்கள் சுழன்று வேகம் காட்டும் என் பழைய கிண்ணக் காற்றுமானி சுழலாமல் நிற்கிறது. பக்கத்தில் ஒரு குச்சியில் கட்டிய நூலும் நேராகத் தொங்குகிறது.

உங்கள் முதல் பதில் எர்த்திங், கேபிள், கருவியிலிருந்து தரவு வரும் ஆர்எஸ்-485 கம்பி இணைப்பின் முனைகளில் 120 ஓம் மின்தடை ஆகியவற்றைச் சரிபார்க்கச் சொன்னது. மூன்றையும் பார்த்தேன், சரியாகவே இருக்கின்றன. கேபிளில் இரைச்சல் புகுந்தால் வரும் செய்தியே சிதையும், செய்தியின் முடிவில் வரும் சரிபார்ப்பு எண் பொருந்தாது. எனக்கு வரும் செய்தி வரிகள் அத்தனையிலும் அது பொருந்துகிறது. பொய்யான எண் ஒழுங்காக வந்து சேருகிறது, அவ்வளவுதான்.

அதனால் பதிவுகளை எடுத்து உட்கார்ந்தேன். பொய்க் காற்றுகள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. ஒரு கூட்டம் 10 மீ/விநாடியை ஒட்டி, இன்னொன்று 20-ஐ ஒட்டி. நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. திசை எப்போதும் 90 பாகை (கிழக்கு) அல்லது 270 பாகைக்கு (மேற்கு) அருகில். காற்று படிக்கட்டில் ஏறுவதுபோல் பத்துப் பத்தாக ஏறாது. ஆகவே இது காற்றல்ல, கணக்கு.

உங்கள் கையேட்டின்படி ஒலித்தடத்தின் நீளம் 15 செ.மீ., ஒலியின் அதிர்வெண் 40 கிலோஹெர்ட்ஸ். எதிரெதிராக இருக்கும் இரண்டு முகங்கள், அதாவது ஒலியை அனுப்பியும் வாங்கியும் கொள்ளும் பரப்புகள், மாறி மாறி ஒலித்துடிப்பை அனுப்புகின்றன. காற்றோடு போகும் துடிப்பு சற்று முந்தும், எதிர்த்து வருவது சற்றுப் பிந்தும். இரண்டு நேரங்களின் தலைகீழ்களை (1/நேரம்) ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் ஒலியின் வேகம் கணக்கிலிருந்து விலகி, காற்றின் வேகம் மட்டும் மிஞ்சும். அழகான முறை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அளக்க வேண்டிய வித்தியாசம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். 15 செ.மீ. தூரத்தை ஒலி கடக்க ஏறத்தாழ 437 மைக்ரோவிநாடி ஆகிறது. 1 மீ/விநாடி காற்று அடித்தால் போக்குக்கும் வரவுக்கும் இடையே வித்தியாசம் சுமார் 2.5 மைக்ரோவிநாடிதான். 40 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலைச் சுழற்சியே 25 மைக்ரோவிநாடி. ஒரு பக்கத் துடிப்பில் கருவி சரியான அலையை விட்டுவிட்டு அடுத்த அலையைப் பிடித்தால் பிழை அதைப்போல் பத்து மடங்கு, அதாவது ஏறத்தாழ 10 மீ/விநாடி. இரண்டு அலை தவறினால் 20. என் பதிவில் இருப்பது இதேதான்.

ஏன் விடியலில் மட்டும்? தெளிந்த வானத்தின் கீழ் இரவு முழுக்கக் கருவியின் தலை குளிர்கிறது. ஒலி முகங்களில் நீர் படிந்து துளியாகத் தொங்குகிறது. நீர் ஒட்டிய முகம் அதே மாதிரி அதிராது. துடிப்பு மெலிந்தும் தாமதித்தும் வரும்போது அலையை மாற்றிப் பிடிக்க வாய்ப்புண்டு. சோதித்தும் பார்த்தேன். உள்ளே பஞ்சு ஒட்டிய அட்டைப்பெட்டியால் கருவியை மூடினேன். உலர்ந்திருந்தபோது 0.0, 0.1 என்றே காட்டியது, அதற்கு என் பாராட்டு. கிழக்கு-மேற்காக எதிரெதிரே உள்ள முக இணையில் ஒரு முகத்தில் தெளிப்பானால் நீர் தெளித்து மறுபடி மூடினேன். ஒரு நிமிடத்துக்குள் 9.7. காணொளியை இரண்டாவது மின்னஞ்சலோடு அனுப்பியிருந்தேன்.

அதற்கு வந்த பதில், "பனிப் பிரச்சினைக்கு ஹீட்டர் உள்ள மாடலை வாங்கவும்". நான் பனித்துளியைச் சொன்னேன், நீங்கள் பனிக்கட்டியைப் புரிந்துகொண்டீர்கள். வெளியில் வைக்கும் கருவி நனையாமல் இருக்கவேண்டுமென்றால் அதை வீட்டுக்குள்தான் வைக்கவேண்டும்.

ஈரத்தில் அளக்க முடியவில்லை என்றால்கூட நான் பொறுத்துக்கொள்வேன். என் கோபம் வேறு. உங்கள் கருவி என்எம்இஏ 0183 என்ற, படகுக் கருவிகளுக்கான பொதுத் தரவு வடிவில் செய்தி அனுப்புகிறது. அந்த வரியின் கடைசிப் பகுதியில் ஒரு நிலை எழுத்து உண்டு. 'ஏ' என்றால் அளவு செல்லும், 'வி' என்றால் செல்லாது. என் பொய்க் காற்றுகள் ஒவ்வொன்றும் 'ஏ' முத்திரையோடு வந்திருக்கின்றன. நான்கு மாதப் பதிவில் ஒரு 'வி' கூட இல்லை. ஒரு சிலந்தி இரண்டு முகங்களுக்கு நடுவே வலை கட்டியிருந்த நாளிலும் 'ஏ'தான். 'வி' வந்தால் முந்தைய நிலையிலேயே இருக்கும்படி என் கன்ட்ரோலரை ஒரே வரியில் மாற்றிவிடுவேன். தெரியாது என்று சொல்லத் தெரியாத கருவியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அடுத்து திசை. இதில்தான் நஷ்டம் பெரிது. வடக்கிலிருந்து காற்று அடித்த ஒரு பிற்பகலில் கருவி தந்த இரண்டு நிமிடச் சராசரித் திசை 180-ஐ ஒட்டி இருந்தது. அதாவது தெற்கு. கன்ட்ரோலர் தெற்குச் சாளரத்தை மூடி வடக்குச் சாளரத்தைத் திறந்தது. காற்று நேராக உள்ளே புகுந்து பாலித்தீன் ஷீட்டைப் பிடியிலிருந்து பிடுங்கிவிட்டது. வாடையைத் தென்றல் என்று சொன்னதற்கு நான் கொடுத்த விலை அது.

"கருவியை வடக்கு நோக்கிச் சரியாகப் பொருத்தவில்லை" என்றது உங்கள் மூன்றாவது பதில். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பொருத்தியதில் பிழை என்றால் எல்லாத் திசையும் ஒரே அளவு விலகியிருக்க வேண்டும். கிழக்குக் காற்றும் மேற்குக் காற்றும் சரியாக வருகின்றன, வடக்கு மட்டும் புரள்கிறது. விநாடிக்கு ஒன்றாக வரும் அளவுகளைப் பார்த்தால் காரணம் தெரிகிறது: 352, 8, 355, 5. எல்லாமே வடக்குதான். இவற்றைச் சாதாரண எண்களாகக் கூட்டி நான்கால் வகுத்தால் 180. பாகை வட்டத்தில் இருக்கிறது, அளவுகோலில் இல்லை. திசைக்கு சராசரி எடுக்கும்போது சைன், கொசைன் கூறுகளாகப் பிரித்துக் கூட்ட வேண்டும் என்பது காற்றை அளப்பவர்களுக்குப் பால பாடம்.

உறுதி செய்ய, கருவியின் பூஜ்ஜியக் குறியைக் கிழக்கு நோக்கித் திருப்பிவைத்து ஒரு வாரம் பதிவு செய்தேன். வடக்குக் காற்று சரியாகிவிட்டது. இப்போது கிழக்குக் காற்று மேற்காகப் புரள்கிறது. பிழை கருவியோடு சேர்ந்தே சுழல்கிறது, என் கம்பத்தோடு அல்ல.

நான் கேட்பது இவை. திசைச் சராசரியைச் சரிசெய்த ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) வேண்டும். சந்தேகமான துடிப்பு வந்தால் 'வி' அனுப்பும்படி அதே ஃபர்ம்வேரில் மாற்றவேண்டும். ஒலித்துடிப்பின் வலிமையை உள்ளே எப்படியும் அளக்கிறீர்கள், ஆகவே இது முடியாத காரியமல்ல. 15 நாளுக்குள் இரண்டும் வராவிட்டால் கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தரவேண்டும். கிழிந்த ஷீட்டின் செலவுக்கான ரசீதை இணைத்திருக்கிறேன். இந்த மாடலை வாங்கிய மற்றவர்களுக்கும் சராசரித் திசையை நம்பவேண்டாம் என்று இப்போதே எழுதுங்கள். என் இடத்தில் கிழிந்தது ஷீட் மட்டும். இதைக் கிரேனிலோ படகிலோ பொருத்தியவர்கள் இருக்கலாம். விளம்பரத்தில் உள்ள "பராமரிப்பே தேவையில்லை" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். அந்தச் சிலந்திக்கு அது தெரியாது.

நான்கு மாதப் பதிவுக் கோப்பு, பெட்டிச் சோதனைக் காணொளி, திருப்பிவைத்த வாரத்தின் பதிவு மூன்றும் இத்துடன் உள்ளன. இந்த முறை இவற்றைப் படித்துப் பார்க்கக்கூடிய ஒரு பொறியாளரிடம் கடிதத்தைக் கொடுங்கள். கருவியை கன்ட்ரோலரிலிருந்து கழற்றிவிட்டேன். இப்போதைக்குப் பழைய கிண்ணத்தையும் திசைக்கு ஒரு காற்றாடிக் காட்டியையும் வைத்துச் சமாளிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்