கெஞ்சினால் வெட்டாது

கஞ்சிக்கோடு,
வெள்ளி இரவு

அன்புள்ள சண்முகம்,

மகளுக்கு நிச்சயமான செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பதில் தாமதமானதற்குத் திட்டாதே. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை விடவில்லை, பட்டறையிலும் புது வேலை.

இன்கோனல் 718 என்ற உலோகக் கலவையைக் கடைகிறோம். பாதிக்கு மேல் நிக்கல், அப்புறம் குரோமியம், கொஞ்சம் நையோபியம். 650 டிகிரி சூட்டிலும் தளராமல் நிற்பதால் ஜெட் எஞ்சின் டிஸ்க்கெல்லாம் இதில்தான். அங்கே அது நல்ல குணம், லேத்தில் நமக்கு அதுவே வினை. எம்.எஸ். என்ற சாதா இரும்பைக் கடைந்தால் சூடு சுருளோடு போய்விடும். இது சூட்டைக் கடத்துவது சாதா இரும்பில் நாலில் ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் டிப் என்ற வெட்டும் துண்டின் முனையில் இறங்குகிறது. எம்.எஸ்ஸை நிமிஷத்துக்கு 200 மீட்டரில் ஓட்டிய கார்பைடு டிப்பை இங்கே 40-க்கு மேல் விட முடியவில்லை.

முதல் வாரம் நான் செய்த கூத்தைக் கேள். ஒரு வளையத்தின் உள்துளை, இன்னும் 50 மைக்ரான் பாக்கி. ஐ.டி.ஐ.யில் பழகிய கை அல்லவா, பயந்து பத்துப் பத்தாக எடுத்தேன். நடுவில் ஃபீடை, அதாவது டிப் முன்னேறுவதை, நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். டிப் வெட்டவில்லை, தேய்த்திருக்கிறது. தேய்க்கத் தேய்க்க மேல்தோல் இறுகிக் கண்ணாடியாகப் பளபளத்தது. நானும் ஃபினிஷைப் பார்த்து மயங்கினேன். அடுத்த பாஸில் கிறீச். கழற்றிப் பார்த்தால் டிப் முனையில் எலி கடித்த மாதிரி பள்ளம். ஜாப் ஸ்கிராப்.

"இதுகிட்ட கெஞ்சக் கூடாதுண்ணா, கடிச்சிரணும்" என்றான் புரோகிராம் போடும் பாலக்காட்டுப் பையன். என் மகன் வயசு. சரி என்று கேட்டுக்கொண்டேன். இறுகிய தோலுக்கு அடியில் டிப் போக வேண்டும், உள்ளே போனபின் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

வீலால் தேய்த்தெடுக்கும் கிரைண்டிங்கில் ஆபத்து கண்ணுக்கே தெரியாது. வீல் மழுங்கினால் ஜாப் மேல்தோல் கருகும், ஆறும்போது அங்கே இழுவிசை தங்கும், பின்னால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அதனால் அமிலத்தில் முக்கிப் பார்த்துத்தான் பாஸ் செய்கிறார்கள். நான் இப்போது டிரஸ்ஸிங்குக்கு, அதாவது வீலைச் சீவிக் கூராக்குவதற்கு, கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

டைட்டானியமும் வருகிறது. டூர் போனபோது கொல்லம் பக்கம் காலில் ஒட்டிய கருமணல் ஞாபகமா? அந்தச் சவறா மணலில் இருப்பதும் டைட்டானியம்தான். 2011 முதல் அங்கேயே டைட்டானியம் ஸ்பாஞ்ச் (நுண்துளைகள் நிறைந்த டைட்டானிய உலோகம்) எடுக்கிறார்கள். அதன் பொடிச் சுருள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அதற்கென்று மெஷின் பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் வைத்திருக்கிறோம். மணலில் பிறந்ததை மணலாலேயே அணைக்கிறோம், போ!

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடுகிறேன். உன் பழைய டயமண்ட் டிரஸ்ஸர் சும்மா கிடந்தால் எடுத்து வை.

உன்,
முருகேசன்