அந்தப் பிள்ளைக்கு எட்டு நிமிடம் பாக்கி: திருவிழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய திருவிழாக் குழுத் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் ஊர்ப் பெரியவர்களுக்கு,

வணக்கம். திருவிழா நல்லபடியாக முடிந்தது. அன்னதானத்தில் குறையில்லை. பால்குடம் எடுத்தவர்களுக்குத் தெருவெல்லாம் நிழல்பந்தல் போட்டிருந்ததை எல்லோரும் பாராட்டினார்கள், நானும்தான். பட்டிமன்றத்தன்று பொட்டலில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில்தான் இருந்தீர்கள். அதனால் நேரே கேட்டுவிடுகிறேன். கடைசியாகப் பேசிய பிளஸ் டூ மாணவிக்கு நீங்கள் சொல்லியிருந்தது பத்து நிமிடம், கொடுத்தது இரண்டு. மீதி எட்டு நிமிடத்தை அவளுக்குக் கொடுங்கள்.

அவள் எனக்குப் பேத்தி முறை. அதனால்தான் வரிந்துகட்டிக்கொண்டு வருகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

"ரசிகர் நெஞ்சில் நிலைத்து நிற்பவர் அறிவியல் பட இயக்குநரா, அதிரடிப் பட இயக்குநரா?" என்று நோட்டீஸில் தலைப்பைப் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். எத்தனை வருஷம்தான் மாமியாரா மருமகளா, பணமா குணமா என்றே கேட்டுக்கொண்டிருப்பது? 1939இல் சா. கணேசன் கம்பன் விழாவைத் தொடங்கி வைத்த காரைக்குடிச் சீமை இது. வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று விடிய விடிய வழக்காடினால் பாயை விரித்து உட்கார்ந்து கேட்ட சனம். அதே கறாரோடு சினிமாவையும் ஒரு நாள் அலசட்டுமே என்று பெஞ்சு கிடைப்பதற்காக ஆறரைக்கே வந்துவிட்டேன்.

ஏழு மணி நிகழ்ச்சி எட்டரைக்குத் தொடங்கியது. நடுவர் வந்த கார் வழியில் நின்றுவிட்டதாம், சரி, யாருக்கும் நடக்கும். அப்புறம் பொன்னாடை. நன்கொடையாளர் பட்டியல். பட்டியலில் விட்டுப்போனவர்களுக்காக இன்னொரு பட்டியல். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் என்பது நோட்டீஸில்தான். ஒருவர் பாட்டே நாலு பாடினார். அறிவியல் படத்துக்கும் அந்தப் பாட்டுகளுக்கும் என்ன சம்பந்தம் என்று நடுவரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரைக் கூப்பிடும்போது மணி பத்தேமுக்கால். அவர்கள் கிராமத்துக்குக் கடைசி பஸ் ஒன்பதரைக்கே போய்விட்டது.

அவள் அம்மா பலகாரம் சுடும் வேலைக்குப் போகிறவர். கல்யாண ஆர்டர் என்றால் விடியற்காலம் மூன்று மணிக்கெல்லாம் அடுப்பு முன்னால் உட்கார வேண்டும். மடியில் சின்னப் பையன் தூங்கிக்கொண்டிருக்க, பந்தல் ஓரத்தில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார். மேடையேறிய பிள்ளை வணக்கம் சொல்லி, தலைப்பைச் சொல்லி, முதல் வாதத்தை எடுத்தாள். மணி அடித்துவிட்டார்கள். "நேரமாச்சு தாயி, சுருக்கமா முடிச்சுக்க" என்றார் நடுவர். கையில் மூன்று தாள் வைத்திருந்தாள். முதல் தாளில் பாதி கூடத் தாண்டவில்லை. நன்றி சொல்லி இறங்கினாள். எவர்சில்வர் டப்பா ஒன்று பரிசு கொடுத்தீர்கள். ஆட்டோவுக்கு அவள் அம்மாவின் ஒரு நாள் கூலி போயிற்று.

அந்த மூன்று தாளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். என்னிடம்தான் படித்துக் காட்டிப் பழகினாள். படங்களை அம்மாவின் போனில் பார்த்தாள், அன்றைய டேட்டா தீர்ந்ததும் நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்திலிருந்து. நான் ரீல் ஓட்டிய ஆள். ஒரு படத்தை இப்படித் துண்டு துண்டாகப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அப்படிப் பார்த்தும் அவள் தெளிவாகப் பேசத் தயாராக இருந்தாள். மேடையில் இருந்த மற்றவர்களோ படமே பார்க்காமல் தெளிவாக இருந்தார்கள்.

இல்லையென்றால் 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தை எடுத்தது ஜேம்ஸ் கேமரூன் என்று ஒருவர் சொல்ல, கைதட்டல் வருமா? எடுத்தவர் கிறிஸ்டோபர் நோலன். 2014இல் வந்தது. இன்னொருவர் தமிழில் அறிவியல் படம் 2010இல் 'எந்திரன்' படத்தோடுதான் பிறந்தது என்றார். 'எந்திரன்' படத்துக்கு வசனம் எழுதிய சுஜாதாவே, 1986இல் வந்த 'விக்ரம்' படத்தில் ராக்கெட்டையும் கம்ப்யூட்டரையும் வைத்து எழுதியவர்தான். அதுகூட ரொம்பப் பிந்தியது. 1963இல் 'கலை அரசி' வந்தது. ஏ. காசிலிங்கம் இயக்கம். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், எம்.ஜி.ஆர். அங்கேயே போய்ச் சண்டை போட்டு மீட்டு வருவார். அந்தப் படத்தை நீங்கள் எந்த அணியில் வைப்பீர்கள்?

அந்தப் பிள்ளையின் முதல் வாதமே இதுதான். இரண்டு வகைக்கும் நடுவில் நீங்கள் எழுப்பியிருக்கிற சுவர் படம் எடுக்கிறவர்களிடம் இல்லை, நோட்டீஸ் அடித்தவர்களிடம்தான் இருக்கிறது என்பது. (இந்த வரியில்தான் மணி அடித்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) 1984இல் கேமரூன் எடுத்த 'டெர்மினேட்டர்' முதலிலிருந்து கடைசிவரை துரத்தல்தான். ஆனால், இன்னும் பிறக்காத ஒருவனைத் தடுக்க அவன் தாயைக் கொல்ல வருகிறது ஒரு இயந்திரம் என்கிற காலக் கணக்கை எடுத்துவிட்டால் அந்தத் துரத்தலில் என்ன மிஞ்சும்? 'மேட்ரிக்ஸ்' (1999) படத்துக்காக ஹாங்காங்கிலிருந்து யுவென் வூ-பிங் வந்து நடிகர்களுக்கு மாதக்கணக்கில் சண்டை சொல்லிக்கொடுத்தார். ஆனால் நாம் பார்க்கிற உலகம் நிஜம்தானா என்ற கேள்விதான் அந்த அடிகளுக்கெல்லாம் கனம் கொடுக்கிறது. நம்மிடமும் 'மாநாடு' (2021) இல்லையா? வெங்கட் பிரபு ஒரே நாளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். செத்துச் செத்து எழுந்து நாயகன் மறுபடி முயல்வதால்தான் அந்தச் சண்டைகளில் பதற்றம் வருகிறது.

மூன்றாவது தாளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் ஒரு தண்ணீர்க் கிரகம் வரும். பக்கத்தில் இருக்கும் கருந்துளையின் ஈர்ப்பால் அங்கே ஒரு மணி நேரம் என்பது பூமியில் ஏழு வருஷம். இறங்கிய இடத்தில் சிக்கித் திரும்பிக் கப்பலுக்கு வரும்போது 23 வருஷம் போய்விட்டிருக்கிறது. பிள்ளைகள் அனுப்பி வைத்த செய்திகளை அப்பன் வரிசையாகப் பார்க்கிறான். பையன் வளர்கிறான், கல்யாணம் முடிக்கிறான், குழந்தை பெறுகிறான். கடைசியில், இத்தனை நாள் பேசாதிருந்த மகள், அப்பன் கிளம்பியபோது இருந்த அதே வயதில் வந்து நிற்கிறாள். அந்தக் காட்சியில் சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. அந்தக் காலக் கணக்கு ஏமாற்று வேலையும் இல்லை. அதைச் சரிபார்த்தவர் கிப் தோர்ன், 2017இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர்.

இதைச் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை எழுதியிருந்தாள்: நம் சீமையில் இது புதுக்கதை இல்லை. கொண்டுவிக்கப் போனவர்கள், அதாவது கடல் கடந்து வட்டித் தொழிலுக்குப் போனவர்கள், மூன்று வருஷக் கணக்கு முடித்துப் பர்மாவிலிருந்து திரும்பும்போது, போகையில் வயிற்றில் இருந்த பிள்ளை நடந்து வந்து "யார் இவுக?" என்று கேட்டிருக்கிறது. இரண்டு கணக்கு, மூன்று கணக்கு என்று போனவர்களும் உண்டு. நோலன் அதற்குக் கருந்துளையைக் காரணமாக வைத்தார், நமக்குக் கப்பலும் வட்டிக்கடையும். அறிவியல் படம் நம்மவர்களுக்கு ஒட்டாது என்று பேசுகிறவர்கள் தங்கள் ஆயாவிடம் போய் ஒரு தரம் கேட்டுப் பார்க்கட்டும்.

பெரியவர்களே, இதைக் கேட்க நம் பொட்டலில் எட்டு நிமிடம் இல்லை. நாலு பாட்டுக்கு இருந்தது.

அதற்காக நான் அறிவியல் கட்சி என்று எண்ண வேண்டாம். அதிரடிப் படத்தை மூளை இல்லாதவர்கள் எடுப்பது என்று அந்த அணியில் பேசியவர் சொன்னது எனக்கு நெஞ்சிலே தைத்தது. நம் காரைக்குடியில் பிறந்தவர் எஸ்.பி. முத்துராமன். அவர் 1980இல் எடுத்த 'முரட்டுக்காளை' படத்தின் ரயில் சண்டையை நான் ஆபரேட்டர் ஓட்டை வழியாக எத்தனையோ காட்சி பார்த்திருக்கிறேன். யார் எந்தப் பெட்டி மேல் நிற்கிறார், ரயில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு இடத்திலும் குழப்பம் வராது. ஜூடோ ரத்தினத்தின் ஆட்கள் நிஜமாக ஏறிச் செய்தது. ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் மில்லர் டாக்டருக்குப் படித்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். 2015இல் வந்த அவருடைய 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' எவ்வளவு வேகமாக வெட்டப்பட்ட படம்! ஆனால் ஒவ்வொரு ஷாட்டிலும் பார்க்க வேண்டியதைத் திரைக்கு நடுவில் வைத்திருப்பார், கண் தேடி அலைய வேண்டாம். இதெல்லாம் மூளை இல்லாத வேலையா? லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019) ஒரே இரவு, ஒரு லாரி, பாட்டுக் கிடையாது. அந்தப் படத்துக்குக்கூட இல்லாத நாலு பாட்டு நம் பட்டிமன்றத்துக்கு எதற்கு என்பதுதான் என் சந்தேகம்.

கடைசியில் தீர்ப்பு. அறிவியலும் வேண்டும், அதிரடியும் வேண்டும், ஆனால் நெஞ்சில் நிற்பவர் குடும்பப் பட இயக்குநரே! தலைப்பிலேயே இல்லாத ஆளுக்கு வெற்றி. இந்தத் தீர்ப்பைக் காரில் வரும்போதே எழுதிவிட்டிருக்கலாம், ஆறு பேரைப் பேசவிட்டிருக்கவே வேண்டாம்.

சொல்லப்போனால் நம்மைச் சினிமாக்காரர்களும் இப்படித்தான் நடத்துகிறார்கள். தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி. மெய்யப்பன் ஸ்டூடியோ போட்டு 'நாம் இருவர்' (1947) எடுத்த சீமைக்கு, இன்று யூனிட் வண்டி வந்தால் எதற்கு வருகிறது? நம் பெரிய வீடுகளின் முகப்பில் நாலு பேர் பறந்து விழ வேண்டும், தேக்குத் தூணில் அரிவாள் பதிய வேண்டும், ஆத்தங்குடித் தரைக்கல்லில் சிவப்புச் சாயம் ஊற்ற வேண்டும். வாடகை கொடுத்துவிட்டுப் போகிறார்கள், சாயத்தை வீட்டுக்காரர் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை பெரிய வளவு முற்றத்தில் ஒரு நாளாவது ஒரு விண்கலத்தை இறக்கிப் பார்க்கலாமே என்று ஒரு இயக்குநருக்கும் தோன்றவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்ட ஊர் இது. அந்த மதில் சுவரை ஒட்டித்தான் தினமும் பஸ்ஸில் போகிறோம். மேடையில் ஏறியதும் மட்டும் "நம்ம மண்ணுக்கு விஞ்ஞானம் எதுக்குங்க, வீரம்தாங்க" என்று பேசினால் அதற்கும் கைதட்டுகிறோம். தியேட்டர்காரர்களோ அறிவியல் படம் வந்தால் மூன்றாம் நாளே தூக்கிவிட்டு... சரி, அது உங்கள் குழு சம்பந்தப்பட்டது இல்லை. எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். நவராத்திரிக்கு எப்படியும் பந்தல் போடுவீர்கள். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தப் பிள்ளைக்கு எட்டு நிமிடம் கொடுங்கள். அன்றைக்கு மணி அடித்துக் கீழே இறக்கிய இன்னொரு பையனும் இருக்கிறான், ஐ.டி.ஐ. படிக்கிறவன், அதிரடி அணி. அவனுக்கு ஏழு நிமிடம் பாக்கி. அவனும் அவளுக்கு நேர் எதிராகப் பேசட்டும். எனக்கு ஆட்சேபணையே இல்லை, அவன் பேச்சையும் கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. பொன்னாடை வேண்டாம், டப்பா வேண்டாம். வெளியூர் நடுவர் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். பேசுகிறவர்கள் படத்தைப் பார்த்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

ஐந்து மணிக்கு என்றால் ஏழரை பஸ்ஸுக்கு அவர்கள் போய்விடலாம். மைக் செட்டுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், அவர் என் பழைய கூட்டாளிதான், வாடகை கேட்க மாட்டார். செயலாளர் அண்ணன் தேதியை மட்டும் இந்த மாதக் கூட்டத்தில் குறித்துச் சொன்னால் போதும். அன்புகூர்ந்து மறுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பந்தலில் மூன்றாவது பெஞ்சில் இருந்த
பழைய சினிமா ஆபரேட்டர்