குடல் நன்றாகத் தெரிந்தாலும் சதை எடுத்து அனுப்புங்கள்

சேலம் மாவட்டத்தில் குடல் நோய் பார்க்கும் டாக்டர்களுக்கு வணக்கம்.

நான் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 58. எனக்கு இருப்பது மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி. அது தெரியவருவதற்கு முன்னால் என் வயிற்றுப்போக்குக்குப் பல வருடம் ஐ.பி.எஸ். (குடலில் அழற்சி எதுவும் இல்லாமலே வயிறு தொந்தரவு தரும் கோளாறு) என்றுதான் மருந்து சாப்பிட்டேன். கவலையைக் குறைக்கச் சொன்னார்கள். கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபியும் செய்தார்கள், குடல் சுத்தமாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்று லேப் பரிசோதனைக்குக் குடலிலிருந்து துளி சதை (பயாப்சி) எடுக்கவில்லை. பிற்பாடு வேறொரு டாக்டர் மறுபடி கேமரா விட்டு, நன்றாகத் தெரிந்த இடங்களிலேயே சதை எடுத்து அனுப்பினார். அப்போதுதான் நோய்க்குப் பேர் கிடைத்தது.

இந்த நோயில் குடலின் உட்புறம் பெரும்பாலும் இயல்பாகத்தான் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். நுண்ணோக்கியில் வைத்தால்தான் மேல்படலத்து செல்கள் 100-க்கு 20-க்கு மேல் லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளை அணுக்கள் இருப்பதோ, அதன் அடியில் கொலாஜன் என்னும் புரதநார்ப் பட்டை 10 மைக்ரோமீட்டருக்கு மேல் தடித்திருப்பதோ தெரியும். இப்படிக் கொலாஜன் தடிக்கும் வகையைப் பற்றி சுவீடனில் 1976-லேயே எழுதிவிட்டார்கள். ஐம்பது, அறுபது வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ரத்தம் போகாது, தண்ணீராகப் போகும். ரத்தம் இல்லாததால் வீட்டிலும் யாரும் பதறுவதில்லை.

சேலத்துக்கு பஸ் ஏற வேண்டிய நாளில் நான் காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும் வரை வயிறு பொறுக்க வேண்டுமே. பையில் மாற்றுப் புடவை இருக்கும். ராத்திரி தூக்கத்திலிருந்தும் எழுப்பிவிடும். ஐ.பி.எஸ். பொதுவாக அப்படி எழுப்பாது என்பதால் அந்த ஒரு கேள்வியையாவது கேளுங்கள். கேட்கும்போது மகனையும் அடுத்த டோக்கன்காரரையும் வெளியே நிற்கச் சொல்லுங்கள். துணியிலேயே போய்விட்டது என்று அவர்கள் முன்னால் எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள்.

முட்டிவலிக்கும் கேஸுக்கும் என்னென்ன மாத்திரை போடுகிறாள் என்றும் கேளுங்கள். வலி மாத்திரைகளுக்கும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளுக்கும், சில மனச்சோர்வு மருந்துகளுக்கும் இந்த நோயோடு தொடர்பு உண்டு. எங்கள் பக்கம் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய. அவர்கள் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பியூடசோனைட் என்னும் ஸ்டீராய்டு மருந்து ஆரம்பித்துச் சில வாரத்தில் எனக்குப் போக்கு நின்றது. நிறுத்தியதும் திரும்பி வந்தது. இதில் அது சகஜமாம். சரி, பேர் தெரிந்த நோயோடு வாழ்ந்துகொள்ளலாம்.

நாள்பட்ட வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்களுக்கு கேமரா விட்டால், பார்க்க எப்படி இருந்தாலும் வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டிலும் சதை எடுங்கள். மலக்குடலில் மட்டும் எடுத்தால் தவறிப்போகலாம். லேப் செலவு கூடுமே என்று எங்களுக்காகத் தயங்க வேண்டாம். மலையிலிருந்து வருகிறவர்கள் முந்தின நாளே சேலத்தில் லாட்ஜில் அறை எடுத்து, கழிப்பறை உள்ள அறைதானா என்று கேட்டுக்கொண்டு, கேமராவுக்கு முன் குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்து குடிக்கிறோம். அதையெல்லாம் இன்னொரு தடவை செய்வதற்கு ஆகும் பணமும் பாடும் லேப் கட்டணத்தைவிடப் பெரிது. சதை எடுக்காமல் விட்டால் அதையாவது ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுங்கள். அடுத்த டாக்டர் அந்த ‘நார்மல்’ என்ற சொல்லை நம்பித்தான் மருந்து எழுதுகிறார்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு நோயாளி