தொகுதி யார் கையில்?

ஆசிரியருக்கு,

தேர்தல் முடிவு நாளில் டிவியில் 'தக்கவைத்தது', 'பறிகொடுத்தது' என்று பட்டை ஓடுகிறது. எதை வைத்து அந்தக் கணக்கு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எங்கள் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் 2019, 2021 இடைத்தேர்தல், 2024 என மூன்று முறையும் காங்கிரஸ்தான், தகராறு இல்லை. 2021-இல் பாஜக ஜெயித்திருந்தால்? கடந்த பொதுத்தேர்தலைப் பார்ப்பவர் 2024 வெற்றியைத் 'தக்கவைப்பு' என்பார். இடைத்தேர்தலைப் பார்ப்பவர் 'மீட்பு' என்பார்.

2009 கதை இன்னும் வேடிக்கை. 2004-இல் நாகர்கோவிலில் வென்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின். பிறகு வந்த தொகுதி எல்லை மறுசீரமைப்பில் நாகர்கோவில் என்ற பெயரே போய், தொகுதி கன்னியாகுமரி ஆனது. திருவட்டார் சட்டமன்றத் தொகுதி மறைந்தது. திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியோடு கிடந்த கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி இங்கே வந்தது. அப்புறம் 2009-இல் திமுகவின் ஹெலன் டேவிட்சன் ஜெயித்தார். யாரிடமிருந்து கைப்பற்றினார்?

பிரிட்டனில் எல்லை மாறினால், பழைய வாக்குகளைப் புது எல்லைக்கு ஏற்ப மதிப்பிட்டு அனுமான வெற்றியாளரைக் கணக்கிடுகிறார்கள். நம்மிடம் படிவம் 20 என்ற தேர்தல் முடிவுத் தாளில் பூத் வாரியாகவே வாக்கு இருக்கிறது, கூட்டுவது கஷ்டமில்லை. கூட்டணிதான் கஷ்டம். 2004-இல் கன்னியாகுமரிப் பகுதியில் நின்றது திமுக, தக்கலைப் பக்கம் மார்க்சிஸ்ட்; இரண்டும் ஒரே அணி. அந்த வாக்குகளைக் கட்சி வாரியாகப் பிரிப்பதா, அணியாகக் கூட்டுவதா? எப்படிச் செய்தாலும் சரி, பட்டையின் கீழே சின்ன எழுத்தில் 'ஒப்பீடு: இந்த ஆண்டு, இந்த அடிப்படை' என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். உங்கள் நாளிதழின் அட்டவணைக்கும் இதே கோரிக்கைதான்.

வாசகர்,
தக்கலை