தலைவர் யார் என்று கேட்டாயே

திருச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. கமலாவிடம் வாசித்துக் காட்டினேன். "மாடிப்படி மட்டும் இன்னும் ஒரு மாசத்துக்கு வேண்டாம் என்று அண்ணனுக்கு எழுதுங்கள்" என்றாள். எழுதிவிட்டேன். சின்னவளுக்கு மதுரைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. பேரன் மாதம் இரண்டு முறை வந்து வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுப் போகிறான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் உன் மருமகனை அலுவலக நண்பர் ஒருவர் ஃப்ரீமேசன் லாட்ஜில், அதாவது நான் இருக்கிற சகோதர அமைப்பின் உள்ளூர்ச் சங்கம் ஒன்றில், சேரக் கூப்பிட்டிருக்கிறார். நீயோ யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, உலகத்தையே ஒரு ரகசியத் தலைமை ஆட்டிவைக்கிறதாமே என்று பயந்து போயிருக்கிறாய். "முப்பது வருஷமாக நீ அதில் இருக்கிறாய். உங்கள் தலைவர் யார், எங்கே இருக்கிறார் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாயா?" என்று கேட்டாய். சொல்லாததற்குக் காரணம் ரகசியம் இல்லை சுந்தரம். அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

ரோட்டரிக்கு இல்லினாயில் தலைமையகம் உண்டு, உலகத் தலைவர் உண்டு. எங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. 1717-ல் லண்டனில் ஒரு மதுக்கடையின் மாடியில் நான்கு லாட்ஜுகள் கூடி, தங்களுக்கு மேல் நிர்வாக அமைப்பாக ஒரு கிராண்ட் லாட்ஜை அமைத்தன. 1725 வாக்கில் அயர்லாந்தில் ஒன்று வந்தது, 1736-ல் ஸ்காட்லாந்தில் ஒன்று. இவை இரண்டும் லண்டனுக்கு அடங்கியவை அல்ல. அன்று தொடங்கிய பழக்கம்தான் இன்றும். ஒவ்வொரு நாட்டின் கிராண்ட் லாட்ஜும் தனி அரசு மாதிரி. ஒன்று இன்னொன்றை அங்கீகரிக்கும், அல்லது அங்கீகரிக்காது. அவர்களுக்குள் இருக்கிற கட்டுப்பாடு அவ்வளவுதான். 1877-ல் பிரான்சில் கிராண்ட் லாட்ஜ் போன்ற அமைப்பான கிராண்ட் ஓரியண்ட், உறுப்பினருக்கு இறைநம்பிக்கை கட்டாயம் என்ற விதியை எடுத்துவிட்டது. லண்டன் உறவை முறித்துக்கொண்டது. ஆனால் பிரெஞ்சுக்காரர்களைக் கலைக்கவோ தண்டிக்கவோ லண்டனுக்கு அதிகாரம் இல்லை. இவர்கள் பாட்டுக்கு இவர்கள், அவர்கள் பாட்டுக்கு அவர்கள். சுவீடனில் கிறித்தவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். இந்தியாவிலோ பகவத் கீதை, குர்ஆன், பைபிள், கிரந்த் சாகிப், பார்சிகளின் ஜெண்ட் அவெஸ்தா எல்லாம் ஒரே பீடத்தில் இருக்கும். அதன் முன்னால் முதன்முதலாக நின்ற அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது, உண்மையாகவே சொல்கிறேன்.

இந்தியாவுக்கு லண்டன், எடின்பரோ, டப்ளின் மூன்றும் சாசனம், அதாவது லாட்ஜ் நடத்த உரிமைப் பத்திரம், கொடுத்தன. நம் ஊருக்கே இதில் ஒரு பழைய பங்கு உண்டு. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770-களில் இதே திருச்சியில்தான் ஃப்ரீமேசன் ஆனார். செய்தி கேட்டு லண்டன் கிராண்ட் லாட்ஜ் அவருக்கு நாங்கள் சடங்கின்போது இடுப்பில் கட்டும் ஏப்ரன் ஒன்றை அலங்கரித்து, அதையும் தங்கள் சட்டப் புத்தகமும் அனுப்பிவைத்தது. அவர் பாரசீகத்தில் பதில் எழுதினார். ஆனால் நவாபின் மகனுக்குத் திறந்த கதவு மற்றவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை. நான் உனக்குச் சொல்ல நினைப்பதே இந்தக் கதவைப் பற்றித்தான்.

பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சி விண்ணப்பித்தார். அங்கிருந்த ஆங்கிலேய லாட்ஜ் சேர்க்க மறுத்தது. அவர் பாரிஸுக்குப் போய் அங்கே ஃப்ரீமேசனாகித் திரும்பினார். அப்புறம் 1843-ல் ஸ்காட்லாந்து சாசனத்தின் கீழ் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்பவர் இந்தியர்களுக்காகவே 'ரைசிங் ஸ்டார் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா' என்ற லாட்ஜைத் தொடங்கினார். கல்கத்தாவில் ஃப்ரீமேசன்களின் மாகாணத் தலைவர் அனுமதி இல்லாமல் இந்தியர் யாரையும் சேர்க்கக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். பிரசன்ன குமார் தத் என்ற வங்காளி விடவில்லை. லண்டன்வரை முறையிட்டு, வருஷக்கணக்காகக் காத்திருந்து, 1872-ல் 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில் உள்ளே நுழைந்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து அதே லாட்ஜில்தான் இளைஞர் நரேந்திரநாத் தத், அதாவது பின்னாளின் விவேகானந்தர், சேர்ந்தார்.

கவனித்தாயா? ஒருவருக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு இருந்தது. இன்னொருவருக்கு மேலே முறையிட ஓர் இடம் இருந்தது. அமெரிக்காவில் கறுப்பர்களுக்கு இரண்டுமே இல்லாமல் போயிற்று. அங்கே நாட்டுக்கு ஒரு கிராண்ட் லாட்ஜ்கூடக் கிடையாது, மாநிலத்துக்கு ஒன்று. 1780-ல் ஜார்ஜ் வாஷிங்டனை நாடு முழுமைக்கும் தலைவராக்கலாம் என்று ஒரு பேச்சு எழுந்து அப்படியே அடங்கிவிட்டது. அதோடு, ஒரு மாநிலத்தில் ஒரே கிராண்ட் லாட்ஜ்தான் இருக்கலாம், வேறு எதுவும் செல்லாது என்று ஒரு கொள்கையை வைத்துக்கொண்டார்கள். பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பரும் அவருடைய தோழர்கள் பதினான்கு பேரும் 1775-ல் பிரிட்டிஷ் படையோடு வந்த ஓர் ஐரிஷ் லாட்ஜில் சேர்ந்தவர்கள். 1784-ல் லண்டனே அவர்களுக்குச் சாசனம் கொடுத்தது. இருந்தும் அவர்கள் வழி வந்த லாட்ஜுகள் செல்லாதவை என்று வெள்ளையர்களின் கிராண்ட் லாட்ஜுகள் சொல்லிக்கொண்டே வந்தன. முதன்முதலாக ஒரு மாநிலம், கனெக்டிகட், பின்வாங்காமல் அவர்களை அங்கீகரித்த வருஷம் 1989. இருநூறு வருஷம் சுந்தரம்! சகோதரத்துவம் என்ற சொல்லை வாய் நிறையச் சொல்லும் எங்கள் இயக்கத்துக்கு இது பெரிய அவமானம். எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு வலிக்கும். தெற்கு மாநிலங்கள் ஒரு சிலவற்றில் இன்னும் அந்தப் பிளவு தீரவில்லை.

பெண்கள் கதையும் இதை ஒட்டியதுதான். நாங்கள் ஆண்களை மட்டுமே சேர்க்கிறோம். 1893-ல் பாரிஸில் இருபாலருக்குமான ஓர் அமைப்பு தோன்றியது. அன்னி பெசன்ட் 1902-ல் அதில் சேர்ந்தார். எங்கள் கிராண்ட் லாட்ஜ் அதை அங்கீகரிப்பதில்லை. கமலாவுக்கு இதில் என்மேல் வருத்தம் உண்டு. அவள் பக்கம்தான் நியாயம் என்று எனக்கும் தோன்றுகிறது.

தலைமை இல்லாததால் வந்த கேடு இது என்று நீ நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே கதவு, அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை என்ற நிலைமைதான் கேடு. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான் செயலாளராக இருந்தபோது கண்ணால் பார்த்தேன்.

புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் ஓட்டுப் பெட்டி சுற்றிவரும். மரப்பெட்டி, உள்ளே கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. வெள்ளைக் குண்டு போட்டால் சம்மதம், கறுப்பு போட்டால் மறுப்பு. போடுகிறவன் கை வெளியே தெரியாது. எண்ணி முடித்ததும் பெட்டியின் கீழ் இழுப்பறையை லாட்ஜ் தலைவரான மாஸ்டர் முன்னால் இழுத்துக் காட்ட வேண்டும். அன்று நான் முன்மொழிந்த ஒரு பள்ளி ஆசிரியருக்காகப் பெட்டி சுற்றி வந்தது. இழுப்பறையைத் திறந்தால் வெள்ளைக் குண்டுகள் நடுவே கறுப்பு கிடந்தது. எங்கள் லாட்ஜ் சட்டப்படி அந்த ஒன்றே போதும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, போட்டவர் சொல்லவும் கூடாது. யார் போட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தங்கமான மனிதர், வீட்டு வாசலில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று இரண்டு இரவு தூங்காமல் கிடந்தேன்.

அவருக்கு வழி பிறந்தது பக்கத்துக் கதவால்தான். 1961-ல் லண்டன், எடின்பரோ, டப்ளின் ஆகிய மூன்று தாய் கிராண்ட் லாட்ஜுகளின் ஆசியோடு, டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் உருவானது. அதன் கீழ் வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்று நான்கு மண்டலங்கள். தெற்குக்குத் தலைமை சென்னையில். ஆனால் புதிதுக்கு மாறியே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பியவர்கள் மாறினார்கள், மற்றவர்கள் பழைய சாசனத்திலேயே தொடர்ந்தார்கள். 1786-ல் தொடங்கிய சென்னையின் 'பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி' இன்றும் லண்டன் சாசனத்தில்தான் இருக்கிறது. எழும்பூர் எதிராஜ் சாலையில் இருக்கிற ஃப்ரீமேசன் ஹாலில் டெல்லிக்குக் கட்டுப்பட்ட லாட்ஜும் கூடும், லண்டனுக்குக் கட்டுப்பட்ட லாட்ஜும் கூடும். இவர்கள் கூட்டத்துக்கு அவர்கள் விருந்தாளியாக வருவார்கள். எங்கள் ஆசிரியர் மூன்று வருஷம் கழித்துச் சென்னைக்குக் குடிபோனார். அங்கே வேறொரு சாசனத்து லாட்ஜில், முன்பு மறுக்கப்பட்டதை மறைக்காமல் சொல்லி விண்ணப்பித்தார், சேர்ந்தார். பிற்பாடு அந்த லாட்ஜுக்கே மாஸ்டர் ஆனார். பதவியேற்பன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மாஸ்டர் என்றதும் ஏதோ நிரந்தரப் பதவி என்று நினைத்துவிடாதே. லாட்ஜில் வருஷத்துக்கு ஒரு தேர்தல். ஒரு வருஷம் கிழக்கே பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவர் அடுத்த வருஷம் எழுந்து, புது மாஸ்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் அப்படி எழுந்து, டயர் கடை வைத்திருக்கிறவருக்கு இடம் விட்டதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் கிராண்ட் லாட்ஜின் தலைவரான கிராண்ட் மாஸ்டர்கூட வருஷா வருஷம் மாறுவார். இங்கிலாந்தில் நேர் எதிர். 1967-ல் கென்ட் கோமகன் பொறுப்பேற்று அரை நூற்றாண்டு தாண்டியும் அவரே இருந்தார்.

அதனால் உன் மருமகனைத் தடுக்காதே. சேருவதற்கு முன்னால் இரண்டு விஷயம் மட்டும் பார்க்கச் சொல். லாட்ஜில் பிரேம் போட்டு வைத்திருக்கும் சாசனம் எந்த கிராண்ட் லாட்ஜ் கொடுத்தது என்று கேட்கட்டும். அப்புறம், அந்த மாநிலத்தில் பிரின்ஸ் ஹால் லாட்ஜுகளோடு உறவு எப்படி என்று தயங்காமல் கேட்கட்டும். பதில் சொல்ல நெளிந்தார்கள் என்றால், பிரின்ஸ் ஹால் லாட்ஜ் ஒன்றையே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

தை மாதக் கடைசியில் எங்கள் லாட்ஜில் பதவியேற்பு. கால் சரியாகியிருந்தால் கிளம்பி வா, பகல் ரயிலுக்கு நானே டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன். சடங்கு நடக்கும்போது உன்னை உள்ளே விட முடியாது. கதவுக்கு வெளியே வாளோடு காவல் நிற்பவரை டைலர் என்போம், அவன் நம் ஜமால் கல்லூரிப் பையன்தான், நன்றாகப் பேசுவான், அவனோடு பேசிக்கொண்டிரு. சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உனக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
வைத்தி